இஸ்லாமியர் இறுதிச் சடங்குகள் - மார்க்கமா, வழக்கமா?

முஸ்லிம்கள் இறந்தவர்களை எரிப்பதில்லை, புதைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் பலருக்கும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் உட்பட, தெளிவாகச் சொல்லத் தெரிவதில்லை. மூன்றாம் நாள் ஃபாத்திஹா, நாற்பதாம் நாள் சாப்பாடு, கபர் மேல் கட்டடம், தலைமாட்டில் மீசான் கல், மேலே ஒரு செடி... இதில் எது குர்ஆனில் இருக்கிறது, எது நபிவழி, எது ஊர் வழக்கம்? இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. தந்தையை இழந்த வீட்டில் கடன் வாங்கி ஊருக்கே பிரியாணி போடுவதா வேண்டாமா என்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

முதலில் குர்ஆனைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அடக்கம் செய்யும் முறை பற்றி அதில் விரிவாக ஒன்றும் இல்லை. ஆதமின் மகன்களில் ஒருவன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, ஒரு காகம் மண்ணைத் தோண்டிக் காட்டிய கதை ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. மனிதனை மரணிக்கச் செய்து கபரில் ஆக்குவதாக எண்பதாம் அத்தியாயத்தில் ஒரு வரி உண்டு. எப்படிக் குளிப்பாட்டுவது, எத்தனை துணி, எந்தத் திசையில் முகம் என்பதெல்லாம் ஹதீஸ்களில் இருந்து, அதாவது நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதும் செய்ததுமான செய்திகளில் இருந்து வந்தவை.

அவற்றை வைத்து மார்க்கச் சட்ட அறிஞர்கள் நான்கு கடமைகளை வகுத்தார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டுவது, கபன் துணி இடுவது, ஜனாஸா தொழுகை, அடக்கம். ஊரில் சிலர் செய்தால் போதும், எல்லோர் மேலும் உள்ள கடமை தீர்ந்துவிடும். யாருமே செய்யாவிட்டால் எல்லோருக்கும் பாவம். அவ்வளவுதான் கட்டாயம்! இந்தப் பட்டியலில் பணம் செலவாகும் பொருள் என்று பார்த்தால் கபன் துணி ஒன்றுதான். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து என்பது வழக்கமான அளவு.

அந்தத் துணியிலும் சிக்கனம்தான். கி.பி. 625இல் உஹதுப் போரில் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) கொல்லப்பட்டார். மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த இளைஞர் அவர். அவருக்குக் கபனிட ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடிவிட்டுக் காலின் மேல் இத்கிர் என்ற வாசனைப் புல்லைப் போடச் சொன்னார்கள் நபிகள். அதே போரில் இறந்தவர்களை இரண்டு மூன்று பேராக ஒரே குழியில், குளிப்பாட்டாமலேயே அடக்கம் செய்தார்கள். போரில் உயிர்நீத்தவர்களுக்கு அதுவே சட்டமானது. நபிகள் நாயகம் 632இல் மறைந்தபோது கபனிட்டது மூன்று வெள்ளைப் பருத்தித் துணிகளில். இரண்டு வருடம் கழித்து மரணப் படுக்கையில் இருந்த முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி), தான் உடுத்தியிருந்த பழைய துணியையே துவைத்து, கூட இரண்டு துணி சேர்த்துக் கபனிடச் சொன்னார். புதுத்துணி உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அதிகம் தேவை என்பது அவர் சொன்ன காரணம். அவர் அடிப்படையில் ஒரு துணி வியாபாரி என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கபருக்கு அடையாளம் வைப்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) மதீனாவில் ஜன்னத்துல் பகீ மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டபோது நபிகள் தாமே ஒரு கல்லைத் தூக்கிவந்து தலைமாட்டில் வைத்ததாக அபூதாவூத் நூலில் வருகிறது. மீசான் கல்லுக்கு அதுவே வேர். செடி வைப்பதற்கும் ஓரளவு ஆதாரம் சொல்கிறார்கள். இரண்டு கபர்களின் மேல் நபிகள் பச்சைப் பேரீச்ச மட்டையைப் பிளந்து நட்டதாகப் புகாரியில் ஒரு ஹதீஸ் உண்டு. அது அந்த இருவருக்கு மட்டுமான விசேஷம் என்று ஒரு சாராரும், எல்லோருக்கும் செய்யலாம் என்று மறு சாராரும் இன்றுவரை வாதிடுகிறார்கள். அடக்கம் முடிந்ததும் கபரருகே உட்கார்ந்து இறந்தவருக்குப் பதில் சொல்லிக்கொடுப்பது போல ஓதும் தல்கீனும் இப்படித்தான். அதற்கான ஹதீஸ் பலவீனமானது. இருந்தும் 13ஆம் நூற்றாண்டின் பெரிய ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவி அதை விரும்பத்தக்கது என்றார். தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபே அதிகம் என்பதால் அங்கே தல்கீன் வேரூன்றியதில் வியப்பில்லை.

கட்டடம் விஷயத்தில்தான் சொல்லுக்கும் செயலுக்கும் பெரிய இடைவெளி. கபரைப் பூசுவதையும் அதன் மேல் கட்டுவதையும் நபிகள் தடுத்ததாக முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் தெளிவாக உள்ளது. ஆனால் 9ஆம் நூற்றாண்டிலேயே இராக்கின் சாமர்ராவில் எண்கோண வடிவில் ஒரு கல்லறை மண்டபம் எழுந்துவிட்டது. அடுத்த நூற்றாண்டில் புகாராவில் சாமானிய மன்னர்களுக்குச் செங்கல்லில் ஓர் அழகிய சமாதி. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்... 1631இல் இறந்த மும்தாஜுக்காக ஷாஜஹான் தாஜ்மஹாலைக் கட்டத் தொடங்கினார். உலகப் புகழ்பெற்ற ஒரு முஸ்லிம் கல்லறை, ஒரு ஹதீஸின் நேர் எதிரில் நிற்கிறது!

அந்தக் குடும்பத்திலேயே மறுப்பும் இருந்தது என்பதுதான் சுவாரஸ்யம். மும்தாஜின் மூத்த மகள் ஜஹானாரா 1681இல் இறந்தார். டில்லி நிஜாமுதீன் தர்கா வளாகத்தில் உள்ள அவர் கபருக்குக் கூரை கிடையாது. சுற்றிலும் சலவைக்கல் தடுப்பு இருந்தாலும் கபரின் மேற்பகுதி மண்ணுக்குத் திறந்து விடப்பட்டுள்ளது. தன்னை மூடப் புல் போதும் என்ற பொருளில் அங்கே பாரசீகத்தில் பொறித்திருக்கிறார்கள். தம்பி ஔரங்கசீப் 1707இல் இறந்து குல்தாபாத்தில் திறந்தவெளிக் கபரில் அடக்கமானார். அங்குள்ள சலவைக்கல் தடுப்பு பிற்காலத்தில் வைத்தது. தொப்பி தைத்துச் சம்பாதித்த சில ரூபாயில் தன் அடக்கத்தை முடிக்கச் சொன்னார் என்று ஒரு கதை சொல்வதுண்டு. அது எவ்வளவு உண்மையோ, கூரையில்லாத கபர் கண்ணெதிரே இருக்கிறது.

தடையை முரட்டுத்தனமாக அமல்படுத்தியவர்களும் உண்டு. வஹாபி இயக்கத்தைச் சேர்ந்த சவூதிப் படைகள் 1806இல் மதீனாவைப் பிடித்து பகீ மையவாடியின் மண்டபங்களை இடித்தன. உதுமானியத் துருக்கியர் திரும்பக் கட்டினார்கள். 1920களின் நடுவில் சவூதிகள் மீண்டும் வந்து மீண்டும் தரைமட்டமாக்கினார்கள். ஷியா முஸ்லிம்கள் அந்த நாளை இன்றும் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் சவூதி அரச குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. 2005இல் மன்னர் ஃபஹதும் 2015இல் மன்னர் அப்துல்லாவும் இறந்தபோது, ரியாதின் அல் ஊத் மையவாடியில் பெயர்ப்பலகைகூட இல்லாத கபர்களில்தான் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம். மூன்று, ஏழு, நாற்பது என்ற நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? குர்ஆனில் துக்கத்துக்கென்று உள்ள ஒரே கணக்கு, கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பதுதான். மற்ற உறவினர் மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது என்பது ஹதீஸ். நாற்பது அதில் இல்லை. ஆனால் கிழக்கத்தியக் கிறிஸ்தவர்கள் மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாட்களில் இறந்தவருக்காகப் பிரார்த்திக்கிறார்கள். யூதர்களுக்கு ஏழும் முப்பதும். நம் பக்கத்து இந்து வீடுகளில் பதினாறாம் நாள். நாள் எண்ணித் துக்கத்தைப் படிப்படியாக இறக்கி வைக்கும் பழக்கம் எல்லாச் சமூகத்திலும் இருப்பதைத்தான் இது காட்டுகிறது.

இப்படி ஆதாரம் மெலிந்த வழக்கத்துக்கும் எவ்வளவு வலு இருக்க முடியும் என்பதற்கு ஈரான் சாட்சி. கர்பலாவில் 680இல் கொல்லப்பட்ட ஹுசைன் (ரலி) அவர்களின் நாற்பதாம் நாள் ஷியாக்களுக்கு மிகப் பெரிய நாள். அதனால் சாதாரண மரணத்துக்கும் நாற்பது முக்கியம். 1978 ஜனவரி 9ஆம் தேதி கும் நகரில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது போலீஸ் சுட்டது. சரியாக நாற்பது நாள் கழித்து பிப்ரவரி 18இல் தப்ரீஸில் துக்கம் அனுசரிக்கக் கூடியவர்கள் கலகத்தில் இறங்க, அங்கும் சாவு. அந்தச் சாவுகளின் நாற்பது மார்ச் கடைசியில் யஸ்த் முதலான ஊர்களில். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஷா நாட்டை விட்டே போய்விட்டார்.

நம் ஊர் நாற்பதில் ஆட்சி கவிழ்வதில்லை, குடும்பத்தின் கையிருப்புதான் கவிழ்கிறது. இங்கேதான் ஆதாரக் கேள்வி உண்மையாகவே கடிக்கிறது. 629இல் முஃதா போரில் ஜஃபர் (ரலி) கொல்லப்பட்ட செய்தி வந்ததும், அவர் வீட்டாருக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார்கள் நபிகள். ஊர் அந்த வீட்டுக்குச் சோறு போட வேண்டும். வழக்கத்தில் அது அப்படியே தலைகீழாகி, அந்த வீடு ஊருக்குச் சோறு போடுகிறது.

ஃபாத்திஹாவை ஆதரிக்கும் உலமாக்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தாயை இழந்த சஅத் இப்னு உபாதா (ரலி), தாயின் பெயரால் தருமம் செய்யலாமா என்று கேட்டு அனுமதி பெற்று ஒரு தோட்டத்தையே தானமாக்கினார். இறந்தவருக்காக ஏழைக்கு உணவளிப்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை. ஆனால் நாற்பதாம் நாள் பந்தியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகளா?

யாருடைய பணம் என்பது அடுத்த கேள்வி. இஸ்லாமியச் சட்டப்படி ஒருவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், அதன்பின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் மரண சாசனம், மீதி வாரிசுகளுக்கு. கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இந்த வரிசை சட்டென்று பிடிபடும். கடனுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்றால், 3 தினார் கடனோடு இறந்த ஒருவருக்கு நபிகள் தாமே தொழவைக்க மறுத்தார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். நாற்பதாம் நாள் விருந்து இந்த வரிசையில் எங்கும் இல்லை. சொத்து பிரிக்கப்படும் முன்பே பொதுப் பணத்தில் விருந்து வைத்தால் அதில் விவரம் அறியாத சிறு பிள்ளைகளின் பங்கும் போகிறது. அனாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பை உண்கிறார்கள் என்பது குர்ஆனின் கடும் எச்சரிக்கைகளில் ஒன்று.

இதைச் சொன்னால் உடனே 'வஹாபி' முத்திரை விழும். ஆனால் 1836இல் இறந்த டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபி சட்ட மேதை இப்னு ஆபிதீன் இதே விருந்தைக் கண்டித்தார். வாரிசுகளில் சிறுவர்கள் இருந்தால் இன்னும் மோசம் என்று அவர் நூலில் இருக்கிறது. தமிழகத்தில் 1980களில் தவ்ஹீத் பிரச்சாரம் பரவி, ஒரே வீட்டில் அண்ணன் ஃபாத்திஹா ஓதச் சொல்ல, தம்பி கூடாது என்று எழுந்துபோன காட்சிகள் ஊருக்கு ஊர் நடந்தன. அந்த வாதம் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மத்ஹபு நூல்களுக்குள் நடந்துகொண்டிருந்தது. ஓதுவதன் நன்மை இறந்தவரைச் சேராது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான பழைய கருத்தாக இமாம் நவவி குறிப்பிடுகிறார். பின்னால் வந்தவர்கள் துஆவோடு சேர்த்து ஓதினால் சேரும் என்றார்கள். ஷாஃபிஈ ஊர்களிலேயே கத்தம் ஃபாத்திஹா களைகட்டுவது இப்படித்தான்.

வழக்கங்களை இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் மிஞ்சுவது அந்த நான்கு கடமைகள். அவற்றில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை பார்த்தது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 11ஆம் தேதி வர்த்தமானி மூலம் அந்நாட்டு அரசு கோவிட் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் முன்பே வழிகாட்டியிருந்தும் கேட்கவில்லை. மனுக்களை டிசம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே மாதம், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். ஃபாத்திஹா ஓதுபவர்களும் கூடாது என்பவர்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மதம் பாராமல் மக்கள் வெள்ளைத் துணிப் பட்டிகளைக் கட்டினார்கள். அவற்றை இரவோடு இரவாக அவிழ்த்தாலும் மறுபடி வேறு இடங்களில் கட்டப்பட்டன.

2021 பிப்ரவரி கடைசியில் அரசு இறங்கிவந்தது. மார்ச் 5ஆம் தேதி மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. பல மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தும் உடல்கள் ராணுவக் காவலோடு அங்கே வந்தன. குடும்பத்தில் ஓரிருவருக்கே அனுமதி. விருந்தும் கட்டடமும் கிடையாது, வரிசை எண் போட்ட கல் மட்டும். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்டது.