பெயரின்மையும் பெருங்கூட்டமும்

எழுதியவர் இன்னார் என்பது தெரியாமல் ஒரு செய்தி உரியவரைச் சென்றடைய வேண்டும் என்னும் வேட்கை மிகப் பழையது. பெயரிடாத மடலைக் கதவிடுக்கில் செருகிச் சென்றோர் எல்லா நாட்டிலும் இருந்துள்ளனர். யாரும் தம்மைக் காணவில்லை என்பதே அவர்க்கு இருந்த காப்பு. கணினி வலையில் அக்காப்பு இல்லை. அங்கே செல்லும் ஒவ்வொரு செய்தியும் புறப்பட்ட இடத்தையும் சேரும் இடத்தையும் தன் மேலுறையில் தாங்கியே செல்கிறது. உள்ளிருக்கும் சொற்களை மறைக்குறிகளாக்கிப் பூட்டிவிடலாம். ஆயினும் யார் யாருக்கு, எப்பொழுது, எத்தனை முறை எழுதினர் என்பதை மேலுறையே காட்டிக்கொடுத்துவிடும். அம்மேலுறையை மறைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரை.

இத்துறைக்கு வித்திட்டவர் அமெரிக்க அறிஞர் டேவிட் சாம். 1981இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அவர் ஒரு வழியைக் காட்டினார். செய்தியை நேரே அனுப்பாமல் இடையிலுள்ள ஒரு கணினிக்கு அனுப்ப வேண்டும். அக்கணினி பலருடைய செய்திகளையும் ஒருங்கே சேர்த்து, உறை நீக்கி, வந்த வரிசையைக் கலைத்து வெளியே விடும். உள்ளே நுழைந்தது எது, வெளிவந்தது எது எனப் பொருத்திப் பார்ப்பது அரிதாகிவிடும். இத்தகைய கணினிகளைத் தொடராக அமைத்தால், அவற்றுள் ஒன்று நேர்மையாக இருப்பினும் போதும். பின்னர்த் தோன்றிய ஏற்பாடுகள் பலவும் இக்கருத்தின் விரிவே எனலாம்.

ஆயினும் மக்களிடையே முதலில் பரவலாக வழங்கியது இதனினும் எளிய ஏற்பாடாகும். பின்லாந்தைச் சேர்ந்த யோகான் ஹெல்சிங்கியஸ் 1993இல் ‘பெனெட்’ என்னும் மறுஅஞ்சல் பணியைத் தொடங்கினார். வரும் மின்னஞ்சலின் பெயரையும் முகவரியையும் நீக்கி, ஓர் அடையாள எண்ணை இட்டு அனுப்புவது அதன் முறை. மறுமொழி வந்தால் உரியவரிடம் சேர்க்க வேண்டுமன்றோ? அதற்காக, எந்த எண் யாருடையது என்னும் பட்டியல் அவருடைய கணினியில் இருந்தது. 1995இல் சயண்டாலஜி அமைப்பின் முறையீட்டின்மேல் காவல் துறையினர் வந்தபொழுது, ஒருவருடைய முகவரியை அவர் வெளியிட நேர்ந்தது. நீதிமன்றம் மீண்டும் அத்தகைய ஆணை பிறப்பிக்கவே, 1996 ஆகஸ்டில் பணியை மூடுவதாக அறிவித்தார். அப்பொழுது அதனைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். ஹெல்சிங்கியஸின் நேர்மையில் குறை காண்பதற்கில்லை. ஆனால் இத்தனை பேரின் மறைவும் ஒருவர் கையிலிருந்த ஒரே பட்டியலைச் சார்ந்திருந்தது. பட்டியல் உள்ளவரை அதனைக் கேட்டு வருவோரும் இருப்பர்.

பட்டியலே இல்லாத ஏற்பாடு வேறோர் இடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சிவர்சன் ஆகிய மூவரும் 1995இல் ‘வெங்காய வழிச்செலுத்தல்’ என்னும் முறையை வகுக்கத் தொடங்கினர். செய்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மறைக்குறி உறைகளால் மூடப்படும். வழியிலுள்ள ஒவ்வொரு கணினியும் தனக்குரிய ஓர் உறையை மட்டும் உரிக்கும். செய்தி தன்னிடம் வந்த இடமும் அடுத்துச் செல்ல வேண்டிய இடமும் மட்டுமே அதற்குத் தெரியும். இன்று பொதுவாக மூன்று கணினிகள் இவ்வாறு அமைகின்றன. முதலாவது அனுப்பியவரை அறியும், சேருமிடத்தை அறியாது. இறுதியானது சேருமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. இடையிலுள்ளது இரண்டையும் அறியாது.

ஈண்டு ஒரு முரண் எழுந்தது. இவ்வலையைக் கடற்படை மட்டுமே பயன்படுத்தினால், அதிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு செய்தியும் கடற்படையினுடையது என்பது வெளிப்படை. முகமூடி அணிந்தவர் ஊரில் ஒருவரே எனின், அம்முகமூடியே அவருடைய அடையாளம். ஆகவே அரசின் கமுக்கத்தைக் காக்க வேண்டுமாயின், அக்கருவி அரசுக்கு வேண்டாதவர் கைக்கும் செல்ல வேண்டியதாயிற்று. ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன் ஆகியோர் சிவர்சனுடன் இணைந்து உருவாக்கிய ‘டோர்’ மென்பொருளின் மூலநிரல் 2002இல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் இறுதியில் தன்னார்வலர் நடத்திய இடைக்கணினிகள் ஏறத்தாழ ஒரு டஜன். 2006இல் இதற்கென இலாப நோக்கற்ற நிறுவனம் அமைந்தது. இன்று இடைக்கணினிகள் பல்லாயிரம்.

இம்முறையின் எல்லையையும் கூறல் வேண்டும். இறுதிக் கணினியிலிருந்து செய்தி வெளியேறும்பொழுது, அதற்கெனத் தனியே மறைக்குறி இல்லையாயின், அக்கணினியை நடத்துபவர் உள்ளடக்கத்தைப் படிக்க இயலும். 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் இத்தகைய கணினிகள் சிலவற்றை நடத்தி, தூதரகங்கள் உள்ளிட்ட அமைப்புகளின் 100 மின்னஞ்சல் கணக்குகளுக்குரிய கடவுச்சொற்களை வெளியிட்டார். அவற்றுள் இந்தியத் தூதரகங்கள் சிலவும் இருந்தன. வழியை மறைத்தல் வேறு. சொல்லை மறைத்தல் வேறு என்பதை அவர்கள் அறிந்திலர்.

இதனினும் கடுமையான வினா அறம் பற்றியது. 2011இல் தோன்றி 2013இல் முடக்கப்பட்ட ‘சில்க் ரோடு’ என்னும் போதைப்பொருள் சந்தை இவ்வலைக்குள்தான் இயங்கியது. தடை செய்யப்பட்ட நாடுகளின் வாசகர்க்காக 2019இல் பிபிசி தன் செய்தித்தளத்தைத் திறந்ததும் இதே வலைக்குள்தான். 2021இல் ரஷ்யா டோர் நிறுவனத்தின் இணையதளத்தைத் தடை செய்தது. ஒரே உறை வணிகனையும் செய்தியாளனையும் வேறுபாடின்றிப் போர்த்துகிறது. வேறுபாடு காணும் ஆற்றலை அதற்கு அளித்தால், அந்த ஆற்றலே மீண்டும் ஒரு பட்டியலாகிவிடும். பெனெட்டின் கதையே திரும்பும். தீயோர்க்கும் இது பயன்படுகிறது என்பதை மறுப்பது நேர்மையன்று. அதனால் இது வேண்டாவென்று ஒதுக்குவது எளிதுமன்று.

பெயரின்மை தனியொருவர் தமக்கெனத் தேடிக்கொள்ளும் பொருளன்று என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் உண்மை. ஒளிக்க எதுவுமில்லாத ஒருவர் வானிலைச் செய்தியை இவ்வலை வழியே படிக்கும்பொழுது, உயிருக்கு அஞ்சி எழுதும் ஒருவர்க்குத் தாம் அறியாமலே நிழலாகின்றார். சொல்லால் வாழும் கவிஞர்கள், சொன்னவர் பிழைத்திருக்க இத்தனை அறிமுகமற்ற கைகள் வேண்டியிருக்கின்றன என்பதை எண்ணிப்பார்த்தல் தகும்.