புத்தளக் கரையில் ஒரு மரக்கலம்: பறிபோன பொருளும் எஞ்சி நின்ற சாட்சியமும்



நமது புத்தளக் கரையோரத்தை நோக்கி 1344ஆம் ஆண்டில் ஒரு மரக்கலம் வந்தது. கரை கண்ணுக்குத் தெரிந்தும் அதிலிருந்தோர் இறங்க அஞ்சினார்கள். கடலைக் கண்டு அவர்கள் அஞ்சவில்லை. கரையில் தம் பொருள் பறிபோகும் என்றே அஞ்சினார்கள்.

அக்கப்பலில் இருந்தவர் மொரோக்கோ நாட்டின் தஞ்சாவைச் சேர்ந்த பயணி இப்னு பதூதா. மாலைதீவில் காழியாகப் பணியாற்றிவிட்டு, அக்காலத்தில் மஅபர் என அழைக்கப்பட்ட தமிழகக் கரைக்கு அவர் புறப்பட்டிருந்தார். மூன்று நாட்களில் முடிய வேண்டிய பயணம் அது. வழி நன்கறிந்த மாலுமி எவரும் கப்பலில் இல்லாததால், ஒன்பதாம் நாள் அவர்கள் இலங்கைக் கரையைக் கண்டனர். பாவா ஆதம் மலை வானத்தில் புகைத்தூண் போலத் தோன்றியதாக அவர் பதிவு செய்துள்ளார்.

இது வணிகருக்குப் பாதுகாப்பான துறைமுகம் அன்று எனக் கப்பலோட்டிகள் சாட்சி கூறினர். யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட துறை இது. அவருடைய கப்பல்கள் கடலில் கொள்ளையிடுகின்றன என்பது அவர்களது வாக்குமூலம்.

அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆரியச்சக்கரவர்த்தியின் சிறிதும் பெரிதுமான நூறு மரக்கலங்கள் மஅபர் துறைமுகம் ஒன்றிற்கு வந்ததைத் தாமே கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார். யெமனுக்குச் செல்லவிருந்த மஅபர் சுல்தானின் எட்டுக் கப்பல்கள் அங்கே நின்றன. சுல்தான் ஆட்களைத் திரட்டிக் காவலைப் பலப்படுத்தினார். வாய்ப்புக் கிட்டாது என உணர்ந்த பின்னர், யெமன் செல்லும் எங்கள் கப்பல்களைக் காக்கவே வந்தோம் என்று வந்தவர்கள் கூறிவிட்டார்களாம்.

கடல் வணிகரின் நிலை அக்காலத்தில் எங்கும் இத்தகையதே. மலபாரின் பாகனூர்த் துறையில், அவ்வழியே செல்லும் கப்பல் எதுவும் துறைக்குள் வந்து காணிக்கை செலுத்தியே ஆகவேண்டும். தவறினால் துரத்திப் பிடித்து, இருமடங்கு வரி வாங்கி, விரும்பும்வரை நிறுத்திவைப்பர். உடைந்த கப்பலின் சரக்கு மலபாரின் பிற இடங்களில் அரச கருவூலத்திற்கே சேர்ந்தது. கோழிக்கோட்டில் மட்டும் அது உரியவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அந்நகரம் செழித்தமைக்கும் வணிகர் அங்கே பெருகியமைக்கும் இந்த நேர்மையே காரணம் என அவர் குறிப்பிடுகிறார். பிறர் பொருளைக் காப்பது பண்பு மாத்திரமன்று, ஒரு நகரத்தின் வாழ்வாதாரமும் அதுவே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மீண்டும் நம் கரைக்கு வருவோம். காற்று வலுத்தது. மூழ்கிவிடுவோமோ என்ற நிலையில், தம்மைக் கரையில் இறக்கிவிடுமாறும், அரசரிடம் அபயம் பெற்றுத் தருவதாகவும் நாகுதாவிடம் இப்னு பதூதா கூறினார். கப்பலில் உள்ளவை மஅபர் சுல்தானுக்கான அன்பளிப்புகள் எனக் கரையில் வினவியோரிடம் தெரிவித்தார். அச்சுல்தானும் அவரும் இரு சகோதரிகளை மணந்தவர்கள்.

அரசர் அப்போது, இப்னு பதூதா பத்தாலா எனக் குறிப்பிடும் புத்தளத்தில் தங்கியிருந்தார். மரத்தாலான மதிலும் காவற்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய ஊர் அது. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன. பாரசீக மொழி அறிந்த அவ்வரசர், பயணியை மரியாதையுடன் வரவேற்றார், முத்துக்களைப் பரிசளித்தார், கப்பலில் இருந்தோர் அனைவருக்கும் அபயம் அளித்தார். பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தார். இப்னு பதூதா திரும்பும்வரை நாகுதா தமது விருந்தினர் என்றும் வாக்களித்தார். அவர் மலையைத் தரிசித்து, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் மீண்டபோது, கப்பல் அவருக்காகக் காத்திருந்தது. கொள்ளையர் எனப் பெயர் பெற்ற அரசர் தம் வாக்கைக் காப்பாற்றினார்.

ஆனால் அந்த முத்துக்கள் நிலைக்கவில்லை. பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையில், ஹொன்னாவருக்கும் பாகனூருக்கும் இடையே பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர் அவரை மறித்தனர். இலங்கை அரசர் அளித்த முத்துக்கள், மாணிக்கங்கள், உடைகள் அனைத்தும் பறிபோயின. காற்சட்டை ஒன்று மாத்திரமே மிஞ்சியது. அந்நிலையில் கோழிக்கோடு சென்று ஒரு பள்ளிவாசலில் நுழைந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் அங்கி அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் அங்கி அனுப்பினார்.

இளைஞர்களே! இந்நிகழ்ச்சி உங்கள் பெற்றோரின் நினைவில் வேறொரு காட்சியை எழுப்பக்கூடும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். வீடு, கடை, நகை, தொழிற்கருவி யாவும் பறிக்கப்பட்டன. மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறி, இதே கடல்வழியே கற்பிட்டியில் வந்திறங்கினர். உடுத்த உடையே பலரின் உடைமையாக இருந்தது. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். தம் அடுப்பில் வெந்த சோற்றைப் பகிர்ந்தனர். அன்று கோழிக்கோட்டுப் பள்ளிவாசல் ஒருவருக்குச் செய்ததை, இக்கரை ஆயிரமாயிரம் பேருக்குச் செய்தது.

இப்னு பதூதாவின் முத்துக்கள் எங்கே போயின என்பதை அறிந்தவர் எவருமில்லை. அவரது சாட்சியமோ 1355ஆம் ஆண்டில் பாஸ் நகரில் சொல்லி முடிக்கப்பட்டு, இப்னு ஜுஸை என்பவரால் எழுதப்பட்டு, இன்றுவரை நிலைத்திருக்கிறது. அதில் நீதியும் இருக்கிறது. கப்பலோட்டிகளின் குற்றச்சாட்டையும் எழுதினார். அரசரின் விருந்தோம்பலையும் மறைக்காமல் எழுதினார். ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு உண்மையை மறைக்க நம்மைத் தூண்டலாகாது.

பெற்றோர்களே! நீங்கள் இழந்தவற்றையும், உங்களுக்குக் கை கொடுத்தவர்களையும் பிள்ளைகளிடம் கூறுங்கள். வழியனுப்பிய அயல்வீட்டுத் தமிழ்ச் சகோதரர் கண்ணீர் சிந்தியிருந்தால் அதையும் கூறுங்கள். இளைஞர்களே! ஒரு கொப்பியை எடுத்து ஆண்டு, ஊர், பொருள் என ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள். சொன்னவர் மறைந்த பின் கேட்டறிய வழியில்லை.

தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் பொருட்களைக்கூட உரியவரிடம் ஒப்படைக்க, அலீ (ரழி) அவர்களை நிறுத்திவிட்டே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் சென்றார்கள். பொருள் மாத்திரமன்று, நம் மூத்தோரின் சாட்சியமும் அமானிதமே. அதைக் குறையாமலும் கூட்டாமலும் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமையாகும்.