சிறைப்பட்ட எழுத்தும் மீண்ட எழுத்தும்

பாரதியாரை எட்டயபுரத்தோடும் புதுவையோடும் திருவல்லிக்கேணியோடும் இணைத்துப் பேசுவது தமிழுலகின் வழக்கம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்திற்கும் அவர் வரலாற்றில் தனியிடம் உண்டு. அவர் சிறைப்பட்டது இம்மாவட்டத்துக் கடலூரில். அவருடைய எழுத்து நாட்டுடைமையான காலத்தில் மாகாண முதல்வராக விளங்கிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிறந்ததும் இம்மாவட்டத்தில். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலான முப்பதாண்டு வரலாறு, எழுதுவோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

1904இல் சுதேசமித்திரன் வாயிலாக இதழ்ப்பணியில் இறங்கிய பாரதியார், 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழைத் தீவிர தேசியத்தின் குரலாக்கினார். கருத்துப்படங்களால் எளிய மக்களுக்கும் அரசியலைக் கொண்டு சென்றது அவ்விதழ். 1908இல் அதன் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் சென்று இதழைத் தொடர்ந்தார். ஆங்கில அரசு தன் எல்லைக்குள் அதனை நுழையவிடாது தடுத்தமையால், 1910இல் அது நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்னும் நூல்களும் தடைசெய்யப்பெற்றன. அரசியல் வாயில் அடைபட்ட அப்புதுவை வாழ்க்கையிலேதான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தன.

முதல் உலகப்போர் ஓய்ந்தபின், 1918 நவம்பர் 20ஆம் நாள் புதுவை எல்லையைக் கடந்த பாரதியார் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் 14இல் விடுதலையானார். எனினும், குறிப்பிட்ட பகுதிகளில் மட்டுமே வாழவேண்டும், எழுதியவற்றைக் காவல்துறையின் பார்வைக்கு அனுப்பிய பின்னரே வெளியிடவேண்டும் என்னும் நிபந்தனைகள் விதிக்கப்பெற்றன. உடலுக்குக் கிடைத்த விடுதலை எழுத்துக்குக் கிட்டவில்லை.

1920இல் தம் படைப்புகளை நாற்பது நூல்களாக, நூலொன்றுக்குப் பதினாயிரம் படிகள் வீதம் அச்சிட அவர் திட்டமிட்டார். பொருளுதவி வேண்டி நண்பர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். நான்கு இலட்சம் படிகள் பற்றிய அக்கனவு கைகூடவில்லை. முப்பத்தொன்பது அகவை நிறையும் முன்னரே, 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

மறைந்த பின்னரும் அரசின் அச்சம் தணியவில்லை. 1928இல் பாரதி பாடல் நூல்கள் பறிமுதலாயின. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதனைக் கண்டித்து முழங்கினார். பின்னர் வேறொரு தடை தோன்றிற்று. நூலுரிமை பாரதியாரின் தம்பி விசுவநாத ஐயரிடமும், ஒலிப்பதிவு உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடமும் இருந்தன. ஒரு நாட்டின் பாட்டு ஒரு சிலருடைய உடைமையாக இருக்கலாமா என்னும் வினா எழுந்தது. நாரண. துரைக்கண்ணன், ஜீவா முதலிய எழுத்தாளர்கள் இதனை இயக்கமாக்கினர். 1949இல் அரசு உரிமைகளை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் ஈடு பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1955இல் பாரதியின் எழுத்து மக்கள் அனைவருக்கும் பொதுவாயிற்று. பாடலைப் பறிமுதல் செய்த கோட்டையிலிருந்தே அதற்கு விடுதலையும் வந்தது. அதனைக் கேட்டுப் பெற்றவர்கள் எழுத்தாளர்கள் என்பது கருதத்தக்கது.

ஆயினும், உரிமை கிடைத்தால் மட்டும் எழுத்து மீண்டுவிடாது. பழைய இதழ்களில் புதைந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடியெடுக்க ஆட்கள் வேண்டியிருந்தனர். பெரியசாமித் தூரனின் 'பாரதி தமிழ்' (1953), ரா.அ. பத்மநாபனின் 'சித்திர பாரதி' (1957), சீனி. விசுவநாதனின் காலவரிசைத் தொகுதிகள் ஆகியன அத்தேடலின் விளைச்சல்கள். மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் சுந்தரர் எடுத்ததாகப் பேசுவது நம் முதுகுன்றத்தின் மரபு. இறைவன் அருளால் மீண்டது அப்பொன்; பாரதியின் எழுத்தோ, பழந்தாளையும் குப்பையென ஒதுக்காமல் காத்தவர்களால் மீண்டது.

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற இந்நகரில் பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்திற்கு இதில் ஒரு பாடம் உண்டு. கவியரங்கில் ஒலித்த பாடலும் கையெழுத்துப்படியும் சிற்றிதழும் இன்று எளிதாகக் கிடைப்பவை, நாளை அரிதாகிவிடும். அவற்றை நாளும் ஆண்டும் குறித்துத் தொகுத்து வைப்பது கவிதை எழுதுவதற்கு இணையான பணியாகும். பாரதிக்கு அவர் வாழ்ந்த காலத்தில் தமிழ்ச் சமூகம் செய்யத் தவறியதும் அதுவே.