தோல் ஈரமூட்டி

தோல் ஈரமூட்டி என்பது தோலின் மேலடுக்கில் உள்ள நீர் குறையாமல் காக்கும் பூச்சு ஆகும். கிளிசரின், யூரியா, ஐயலூரோனிக் அமிலம் ஆகியவை நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கின்றன. வாசலின், தேங்காய் எண்ணெய் போன்றவை மேலே படலமாகப் படிந்து நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன. முதலில் நீர்மம், இறுதியில் களிம்பு என்னும் கொரிய ஒப்பனை முறையின் வரிசையும் இவ்வடிப்படையிலேயே அமைந்தது.

தொழுநோயில் பயன்பாடு

கணியம்பாடி அமைந்துள்ள வேலூர் மாவட்டத்தில் ஈரமூட்டி அழகுப் பொருள் மட்டுமன்று. தொழுநோய் நரம்புகளைத் தாக்கும்போது வியர்வை சுரப்பது நின்று, உள்ளங்கால் வறண்டு வெடிக்கிறது. உணர்ச்சி இல்லாததால் நோயாளி வெடிப்பை அறிவதில்லை. அதன்வழி கிருமி புகுந்து, எலும்புவரை புண்ணாகிறது. விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற உறுப்பில் ஏற்படும் காயங்களே காரணம் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு எடுத்துக்காட்டினார்.

தடுப்பு முறை எளியது, செலவும் மிகக் குறைவு. நாள்தோறும் சுமார் 20 நிமிடம் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் உலருமுன் எண்ணெயோ வாசலினோ பூச வேண்டும். உலர்ந்த காலில் பூசுவதால் பயன் குறைவு. எண்ணெய் தானாக நீரைத் தருவதில்லை.