விமல் யோகநாதன்: பார்ன்ஸ்லியின் மத்திய களத்தில் ஒரு தமிழ்ப் பெயர்

2024 ஓகஸ்டில் இங்கிலாந்தின் லீக் கிண்ணத் தொடரில் விகன் அத்லெட்டிக் அணியை எதிர்த்து பார்ன்ஸ்லி ஆடியது. அன்று பார்ன்ஸ்லியின் முதல் அணிக்காக அறிமுகமான 18 வயது மத்தியகள வீரரின் பெயர் விமல் யோகநாதன். 2006 ஜனவரியில் பிறந்து, வட வேல்ஸில் வளர்ந்தவர். இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்டவர். இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று ஊடகங்கள் அவரைக் குறிப்பிட்டன.

பார்ன்ஸ்லி பெரிய கழகம் அல்ல. தென் யோர்க்‌ஷயரின் பழைய நிலக்கரிச் சுரங்க நகரம் அது. 1912இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றதுதான் கழகத்தின் பெரும் பெருமை. விமல் அறிமுகமானபோது அது லீக் வன்னில், அதாவது நாட்டின் மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் அடுக்குத்தானே என்று இங்கிருந்து பார்க்கும்போது தோன்றலாம். ஆனால் ஒன்பது, பத்து வயதில் அகடமிகளில் சேரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த அடுக்கில்கூட ஓர் ஒப்பந்தம் கிடைப்பதில்லை.

தெற்காசியப் பின்னணி கொண்டவர்களுக்கு அது இன்னும் அரிது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் ஆசியப் பின்னணி கொண்டோர் 9.3 சதவீதம். தொழில்முறை வீரர்களில் தெற்காசியர் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. படிப்பைக் கைவிடப் பெற்றோர் சம்மதிப்பதில்லை என்பதே இதற்கு வழமையாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் திறமை தேடுவோர் எந்த மைதானங்களுக்குப் போகிறார்கள், எந்த மைதானங்களுக்குப் போவதில்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பழியைக் குடும்பங்களின் தலையில் மட்டும் போடுவது கழகங்களுக்கு வசதியான விளக்கம்.

அடுத்த கேள்வி, கொழும்பு ரசிகர்கள் உடனே கேட்பது: அவர் எந்த நாட்டுக்கு ஆடுவார்? இதுவரை வேல்ஸின் இளையோர் அணிகளுக்கு ஆடியிருக்கிறார். பிறந்து வளர்ந்த நாடு அது. இயல்பான தெரிவும் அதுவே. ஆனால் இளையோர் அணிக்கு ஆடியது மட்டுமே ஒருவரை நிரந்தரமாகக் கட்டிவிடாது. 2020இல் பிஃபா விதிகளைத் தளர்த்திய பின்னர், 21 வயதுக்கு முன் மூன்றுக்கு மேற்படாத சிரேஷ்ட போட்டிகளில் ஆடியவர்கூட, மூன்று ஆண்டுகள் கழித்து நாடு மாறலாம். உலகக் கிண்ணத்தின் அல்லது கண்டக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றில் ஆடியிருந்தால் மட்டும் முடியாது. மாறிச் செல்லும் நாட்டின் குடியுரிமையும் கையில் இருக்க வேண்டும்.

இதற்கு நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. லெஸ்டர் சிட்டியின் மத்தியகள வீரர் ஹம்சா சவுத்ரியின் தாய் பங்களாதேஷ் வம்சாவளி. தந்தை கிரெனடா வம்சாவளி. இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியவர், 2021இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர். 2025 மார்ச் 25இல் ஷில்லோங்கில் இந்தியாவுக்கு எதிராக பங்களாதேஷ் சீருடையில் இறங்கினார். அப்போது அவருக்கு 27 வயது.

இலங்கையும் இந்த வழியில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, பேர்லினில் பிறந்த வசீம் ராசிக், ஜேர்மனியில் வளர்ந்த கிளோடியோ கமர்க்னெக்ட் ஆகியோர் தேசிய அணிக்குள் வந்தார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்கு இலங்கை சென்றதையும் மறக்க வேண்டாம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை, சம்மேளனத்தை பிஃபா இடைநிறுத்தி வைத்திருந்தது. கழகத்தில் தன் இடத்துக்காகப் போராடும் இளைஞர் ஒருவரை அழைப்பதென்றால், அழைக்கும் வீடும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

வெளியே தேடும் அவசரத்தில் உள்ளே இருப்பதையும் பார்க்கலாம். மன்னார் நெடுங்காலமாக உதைபந்தாட்ட மண். தேசிய அணியின் பின்கள வீரராக இருந்து 2022இல் மாலைதீவில் காலமான டக்சன் பியூஸ்லஸ் அங்கிருந்து வந்தவர்தான். விமலைப் பொறுத்தவரை, தேசிய அணி பற்றிய முடிவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்த வயதில் ஒரு மத்தியகள வீரருக்கு வேண்டியது வாராவாரம் ஆடக் கிடைக்கும் நிமிடங்கள்.