கொஞ்சம் தள்ளுங்க சார்!

எழுபதுகளில், எண்பதுகளில் சென்னையில் வாழ்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடு ரோட்டில் ஒரு கார் நிற்கும். ஜன்னல் வழியாக ஒரு தலை வெளியே நீளும். முகத்தில் பாதி அசடு, பாதி கெஞ்சல். 'கொஞ்சம் தள்ளுங்க சார்!'

அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நின்றவர், பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தவர், காலேஜ் பையன்கள் நாலு பேர் எல்லோரும் வந்து பின்பக்கம் கை வைப்பார்கள். வண்டி உருண்டதும் செகண்ட் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டால் ஒரு குலுக்கு, ஒரு இருமல், ஒரு வாய் கரும்புகை. கிளம்பிவிடும். தள்ளியவர்களுக்கு நன்றி சொல்ல நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும்!

இதையெல்லாம் சிரித்தே கடந்துவிட்டோம். 1985-ல் வந்த 'படிக்காதவன்' படத்தில் ரஜினியின் டாக்ஸிக்கு 'லட்சுமி' என்று பெயர். வண்டியே ஒரு கதாபாத்திரம். நம் வீட்டுக் கார்களும் அப்படித்தான். அவற்றுக்கு மூட் உண்டு, கோபம் உண்டு, மழை நாளில் ஜலதோஷம் உண்டு.

ஆனால், ஒரு தேசமே முப்பது வருஷம் ஏன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது? அது மெக்கானிக் சமாச்சாரம் அல்ல. சரித்திரச் சமாச்சாரம்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்ட ஊர் அது. கூவம் வளைந்து அணைத்துக்கொண்டு போகும் இடத்தில் நெசவாளிகளைக் குடிவைத்தார்கள். சின்னத் தறிப் பேட்டை. அதுதான் வாயில் உருண்டு உருண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆனது.

பேட்டையின் வாசலில் மவுண்ட் ரோடு. அங்கே 1840-ல் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனி முதலில் செய்தது குதிரை வண்டிகள். 1903-ல் அந்த கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து சென்னைத் தெருவில் ஓட்டிக் காட்டினார். இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். பிறகு பெட்ரோல் கார்கள் வந்தன. மவுண்ட் ரோடு முழுக்க ஷோரூம்கள் முளைத்தன. பக்கத்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். கூவத்தின் எதிர்க்கரையில் புதுப்பேட்டை. அங்கே பழைய வண்டிகளைக் கழட்டி விற்கும் கடைகள்.

ஆக, கார் மாலை போட்டு வீட்டுக்குக் கிளம்புவது மவுண்ட் ரோடில். அதற்குக் காரியம் நடப்பது புதுப்பேட்டையில். நடுவில் சிந்தாதிரிப்பேட்டை. ஒரு காரின் மொத்த ஜாதகமும் ஒரு மைல் வட்டத்துக்குள் அடக்கம்!

சுதந்திரம் வந்த சமயத்தில் சென்னைக்குக் கார் விஷயத்தில் குறையே இல்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த வருஷமே எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி இறக்கியது. மவுண்ட் ரோடு அடிசன் கம்பெனி மோரிஸ் கார்களைப் பூட்டியது. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வரும். இங்கே நட்டு முடுக்கி விற்பார்கள்.

டெல்லிக்கு அது பிடிக்கவில்லை. முடுக்கி விற்பதெல்லாம் தொழிலா? இங்கேயே தயாரிப்பவர்கள் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் கிளம்பலாம் என்று 1953-ல் முடிவானது. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய்க் கடையைக் கட்டியது. ஃபோர்டும் போனது. எண்ணூர்க்காரர்கள் லாரி பக்கம் திரும்பி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனார்கள்.

கடைசியில் வீட்டுக் கார் செய்ய மிஞ்சியவை முக்கியமாக மூன்று கம்பெனிகள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ்: அம்பாசடர். பம்பாயில் பிரீமியர்: ஃபியட், பிற்பாடு பத்மினி. நம்ம ஊர் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ்: ஹெரால்ட்.

எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். வெளிநாட்டிலிருந்து மெஷின் வாங்க அனுமதி. அந்நியச் செலாவணிக்குத் தனி அனுமதி. பதிவு செய்துவிட்டுக் கார் வர வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள் ஜனங்கள்.

இங்கேதான் என் பி.காம். படிப்பு திணறுகிறது. கணக்குப் பதிவியலில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம். ஒரு பொருளை வாங்கிய நிமிஷத்திலிருந்து அதன் மதிப்பு குறைந்துகொண்டே போகும். வருஷா வருஷம் இத்தனை சதவிகிதம் கழி என்பார் வாத்தியார். அந்தக் கால ஃபியட் இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. கம்பெனி விலைக்கு வாங்கிய கார், ரோட்டுக்கு வந்ததும் அதைவிட அதிக விலைக்குப் போனது. வரிசையில் நிற்காமல் கிடைக்கிறதல்லவா? அதற்குத்தான் அந்த அதிகப்படி. 'பிரீமியம்' என்று கௌரவமாகப் பெயர்.

எதை எப்படிச் செய்து போட்டாலும் விற்கும் என்றால் கம்பெனிக்கு என்ன கவலை? கதவு மூடவில்லையா, மூடுகிற மாதிரி சாத்திக்கொள். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறதா, குடை இருக்கிறதல்லவா! புகார் எந்த அளவுக்குப் போனது தெரியுமா? கார்களின் தரத்தை விசாரிக்கவே 1967-ல் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. விலைச் சண்டை சுப்ரீம் கோர்ட் வரை போய் 1971-ல் தீர்ப்பு வந்தது. கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. விலையை ஏற்ற விடமாட்டீர்கள், நல்ல இரும்பு கிடைக்காது, மெஷின் இறக்க முடியாது, இதில் தரத்துக்கு எங்கே போவது என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. எல்லோரிடமும் நியாயம் இருந்தது. வண்டியை மட்டும் நாம் தள்ளினோம்.

சரி, இந்த வண்டிகள் ஏன் நின்றன?

சித்திரை வெயிலில் ஃபியட் நிற்கும். காரணம், பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். இன்ஜின் சூட்டில் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. வைத்தியம்? பானெட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணி. பத்து நிமிஷம் டீ. வண்டி கிளம்பிவிடும். மழையில் அம்பாசடர் நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் ஸ்பார்க் ஓடிப்போகும். உலர்ந்த துணியால் துடை. பாயிண்டை எமரித் தாளால் உரசு. கிளம்பிவிடும்.

கவனியுங்கள். சீக்கிரம் கெட்டுப்போகிற வண்டிதான். ஆனால், கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யக் கூடிய கேடு.

ஹெரால்ட் கதை கொஞ்சம் சோகம். இத்தாலிய டிசைனர் மிக்கலாட்டி வரைந்த அழகான கார். இங்கிலாந்தில் 1959-ல் வந்தது, சென்னையில் 1961-ல். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்த முன்பக்கமும் முதலை வாய் மாதிரி திறக்கும். மெக்கானிக் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பின்னால் மட்டும் பிரச்னை. குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், பின் சக்கரம் இரண்டும் காலை அகட்டி நிற்கும், சம்மணம் போடப் பார்க்கிற ஆள் மாதிரி. நம் குடும்ப சைஸுக்கு இரண்டு கதவு போதாது என்று நாலு கதவு ஹெரால்டையும் இங்கே செய்தார்கள். இங்கிலாந்து பார்க்காத ஹெரால்ட் அது.

1971-ல் ஹெரால்ட் நின்றது. பிறகு வந்த கேஸல் 1977-ல் நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று சொகுசுக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வெளியே பிரிட்டனின் ரோவர் உடம்பு. உள்ளே? நாற்பதுகளில் பிறந்த பழைய வான்கார்ட் இன்ஜினின் வாரிசு. அந்தக் கால ஃபெர்குஸன் டிராக்டருக்கு நெருங்கிய சொந்தம்! பட்டு வேட்டி கட்டிய டிராக்டர் எத்தனை நாள் ஓடும்? 1988-ல் அதுவும் முடிந்தது.

கம்பெனி போய்விட்டது. கார்கள் போகவில்லை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வீட்டுக்கு வெளியே ஹெரால்டுகள் நின்றன. இனி ஸ்பேருக்கு எங்கே போவது?

கூவத்தைத் தாண்ட வேண்டியதுதான். புதுப்பேட்டை.

காயலாங்கடை என்று இளப்பமாகச் சொல்கிறோம். காயல்பட்டினத்து வியாபாரிகள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். ஒரு வண்டியைக் கழட்டி, இன்ஜின் ஒரு கடை, கியர் பாக்ஸ் ஒரு கடை, கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை என்று பிரித்து அடுக்கிவிடுவார்கள். ஒரு ஹெரால்ட் ஓட இன்னொரு ஹெரால்ட் சாக வேண்டும். அந்தப் பாகமும் கிடைக்கவில்லை என்றால் லேத் பட்டறை. உடைந்ததைக் காட்டினால் போதும். அளவெடுத்து, கடைந்து, 'ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க சார்' என்று கையில் கொடுப்பார்கள். வரைபடம் கிடையாது, புத்தகம் கிடையாது. கூடவே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பையனுக்கு அது கை வழியாகப் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் சென்னையின் சாமர்த்தியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வழி அடைபடும் இடத்திலெல்லாம் இந்த வித்தை பிறக்கும். அமெரிக்கா வர்த்தகத்தை நிறுத்தியபோது கியூபாவில் நடந்தது இதுதான். ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள், வயிற்றில் ரஷ்ய இன்ஜினோடு ஹவானா தெருக்களில் பல பத்தாண்டுகள் ஓடின.

அதைவிட நெருக்கமான உதாரணம் யாழ்ப்பாணம். 1990-ல் போர் மறுபடி மூண்டபோது இலங்கை அரசு தீபகற்பத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டது. பெட்ரோல் இல்லை. பேட்டரி இல்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் மட்டும் வந்தது. நவீன ஜப்பான் கார்கள் படுத்துவிட்டன. எழுந்து ஓடியவை எவை தெரியுமா? பழைய ஆஸ்டின் ஏ-40-களும் மோரிஸ் மைனர்களும்!

விஷயம் எளிமையானது. மண்ணெண்ணெய் சாதாரணச் சூட்டில் ஆவியாகாது. ஆனால், சூடேறிய இன்ஜினில் ஆகும். அதனால் சில சொட்டுப் பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த அந்தப் பழைய இன்ஜின்கள் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. புகை கண்ணைக் கரிக்கும். இன்ஜின் கரி பிடிக்கும். இருந்தாலும் பிரசவ வலி எடுத்த பெண்ணும் ஷெல்லடியில் காயம்பட்டவரும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரி போனார்கள். எண்ணூரில் 1949-ல் பூட்டப்பட்ட அதே ஏ-40 ரகம்!

இங்கேயோ கதையை முடித்துவைத்தது மாருதி. 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் காரின் சாவியைக் கொடுத்தார் இந்திரா காந்தி. கார் வருவதற்கு முன்பே ஒரு லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பியது. அதுவே அதிசயமாக இருந்தது! ஃபியட்டின் பிரீமியம் கரைந்தது. தேய்மானப் பாடம் மறுபடி உயிர் பெற்றது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தோடு பத்மினி நின்றது. 2014-ல் அம்பாசடரும் நின்றது. மூன்று வருஷம் கழித்து, அந்தப் பெயரையே 80 கோடி ரூபாய்க்குப் பிரான்ஸின் பெஜோ குழுமத்துக்கு விற்றார்கள்.

நல்லதுதானே? சந்தேகமே இல்லை. பழைய காரின் பெருமை பேசுகிறவர்களை நள்ளிரவில், மழையில், ஜுரத்தில் துவளும் குழந்தையோடு, நின்றுபோன ஹெரால்டுக்குள் உட்கார வைக்க வேண்டும். பெருமை பறந்துவிடும். அந்த முப்பது வருஷமும் நம்மிடம் இருந்தது பொறுமை அல்ல, வேறு வழி இல்லாமை.

ஆனால், கணக்கு எழுதுகிறவன் வரவையும் எழுத வேண்டும். இன்றைய காரின் மூளை ஒரு சின்னப் பெட்டி. அது நின்றால் ஈரத்துணிக்கு மசியாது. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்து, 'மொத்தமா மாத்தணும் சார்' என்பார்கள். 2021-ல் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையை மத்திய அரசு அறிவித்தது. 2022 ஏப்ரலில், 15 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. புகை விஷயத்தில் அந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனால், ஒரு வண்டியின் ஆயுளை அதன் வயது மட்டுமா தீர்மானித்தது? கம்பெனி செத்த பிறகும் ஹெரால்டை ஓட வைத்தது எது? அக்கரையில் பாகம் இருந்தது, இக்கரையில் கை இருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. கார்புரேட்டர் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடமிருந்து யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

சிந்தாதிரிப்பேட்டைக்கு இது புதிதல்ல. அந்தப் பேட்டையில் தறி ஓட்டியவர்களுக்கும் எத்தனையோ நுணுக்கம் தெரிந்திருக்கும். அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஊர்ப் பெயரில் தறி மட்டும் மிச்சம். அதுவும் நாம் சொல்லித்தான் தெரிகிறது.