சலாபக் கணக்கு

தரவு இதழியலைப் புதுமையென வியப்போர் தூத்துக்குடி முத்துச் சலாபத்தின் பழைய அறிவிப்புகளைப் பார்க்கவேண்டும். பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைச் சல்லடையால் தரம்பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பென்று கணித்த பின்னரே அரசு சலாபத்தை அறிவிக்கும். எந்தப் பார், எத்தனை சிப்பி, எத்தனை படகு என எல்லாம் எண்களே. 1889ஆம் ஆண்டுச் சலாபத்தை நேரில் கண்ட சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மறு ஆண்டே அதைப்பற்றி நூலெழுதினார்.

கணக்கில் குறையில்லை, ஆனால் அது வணிகருக்கான கணக்கு. மூச்சடக்கி மூழ்கிய பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் மூன்றிலொரு பங்கு சிப்பியே கூலி. அவர்தம் உடல் பட்ட பாட்டுக்கு அங்கே பத்தி ஒதுக்கப்படவில்லை.

1961க்குப்பின் சலாபம் நின்றது. இன்று நாளிதழ்களில் வருவது வ.உ.சி. துறைமுகத்தின் சரக்கு டன் கணக்கு. அதிலும் தொழிலாளியின் பத்தியை நான் தேடுவதுண்டு.